ராகேல் சொன்னதும் உலகம் கேட்டதும்

உலகத்தின் நடுப்புள்ளி எங்கே என்று கேட்டால், கரமனை ஆற்றோரத்தில் இருக்கும் தன் தெருதான் என்று கூசாமல் சொல்லக்கூடியவர் நாகேஸ்வரன். ஆகவே, உலக வரைபடத்தின் மேல் ஒரு கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஊசிகளை எறிந்தது, அதில் ஒன்று கரமனையில் விழுந்தது என்று செய்தி வந்தபோது அவர் ஆச்சரியப்படவில்லை. இத்தனை நாள் ஏன் விழவில்லை என்பதுதான் அவருக்கு ஆச்சரியம்.

செய்தி கொண்டுவந்தவள் ஸ்மிதா. கொச்சியில் ஏதோ ஒரு தொண்டு அமைப்பில் வேலை. வெள்ளம், வெயில் போன்ற உலகக் கஷ்டங்களை மந்திரிகளும் நிபுணர்களும் மட்டும் பேசித் தீர்த்துவிட முடியாது, சாதாரண ஜனங்களையும் சபையில் உட்கார வைக்க வேண்டும் என்று பல நாட்டு அமைப்புகள் வலைபோலக் கூடி ஒரு குடிமக்கள் அவை ஏற்பாடு செய்திருந்தன. ஊசி விழுந்த இடத்தில் வீடு வீடாகப் போய் விருப்பமுள்ளவர்களைச் சேர்ப்பார்கள். குலுக்கிப் போட்டு ஒருவரை எடுப்பார்கள். அவருக்கு இங்கிலீஷ் வராவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்க உள்ளூர்க்காரர் ஒருவர் வேண்டும். ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் செயலாளர் என்ற முறையில் நாகேஸ்வரன் யாராவது ஆள் சொல்ல முடியுமா என்று ஸ்மிதா கேட்டாள். அவர் யோசிப்பதுபோல் சற்று நேரம் கூரையைப் பார்த்துவிட்டுத் தன்னையே சொன்னார்.

தகுதியில்லை என்று சொல்லிவிட முடியாது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் இங்கிலீஷில் கடிதம் எழுதி, இல்லாத காரணங்களைச் சொல்லிப் பல பேருக்குப் பணம் தராமல் அனுப்பியவர். ரிட்டயர் ஆன பிறகு பத்திரிகை ஆசிரியர்களுக்கு எழுதினார். அவருடைய இங்கிலீஷ் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி. உள்ளே ஆள் இல்லாவிட்டாலும் நிற்கும்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். ஊசி விழுந்திருந்தது நடு ஆற்றில். அப்படி விழுந்தால் பக்கத்தில் எந்த வீடுகள் உண்டோ அங்கே போக வேண்டும் என்பது விதி. நாகேஸ்வரன் கண்ணால் அளந்து இக்கரைதான் பக்கம் என்றார். ஸ்மிதா போனில் அளந்து அக்கரை என்றாள். போன் ஜெயித்தது. குலுக்கலில் வந்த பெயர் ராகேல். அக்கரையில் பேக்கரி வைத்திருப்பவள்.

நாகேஸ்வரன் அறுபது வருஷமாகக் கரமனையில் இருக்கிறார். பாலத்தைத் தாண்டி அந்தப் பேக்கரிக்குள் அதுவரை காலெடுத்து வைத்ததில்லை. முட்டை பப்ஸின் வாசனைதான் காரணம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டாலும், உண்மையான காரணம் ஒரு சுவர். அதை அவர் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

ஆற்றின் இக்கரையில், அசோசியேஷன்காரர்கள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி வாங்கிய கரைச்சுவர், ஊர்ப் பேச்சில் சைடு வால், நின்றது. ஏறி இறங்கியவர்களில் முதல் ஆள் நாகேஸ்வரன். திறப்பு விழாக் கல்லில் மந்திரி பெயருக்குக் கீழே, எம்.எல்.ஏ. பெயருக்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில் அவர் பெயரும் உண்டு. சுவர் வந்த பிறகு இக்கரையில் ஒரு சொட்டு ஏறவில்லை. ஏறாத தண்ணீர் எங்கேயாவது போயாக வேண்டுமே, அது அக்கரையில் ஏறியது.

ராகேல் பாறசாலைப் பக்கத்துக்காரி, கல்யாணமாகி இங்கே வந்தவள். புருஷன் துபாயில். பேக்கரியும் அதன் பின்னாலேயே இருந்த வீடும் அவள் பொறுப்பு. ஸ்மிதாவும் நாகேஸ்வரனும் போனபோது கையெல்லாம் மாவோடு நின்று கேட்டுக்கொண்டாள். உலகம் என்றதற்கும் மாநாடு என்றதற்கும் அவள் முகம் மாறவில்லை. கடைசியில் நாகேஸ்வரனைப் பார்த்து ஒன்று கேட்டாள்.

"சாரே, எங்க கரையில வெள்ளம் கேறுததுக்கு உங்க சைடு வாலுதான் காரணம். அத நான் அங்க சொல்லலாமா?"

"தாராளமா சொல்லுங்கோ. அதுக்குத்தானே இந்த ஏற்பாடே."

"சாருக்குப் பிரச்சினை ஒண்ணும் இல்லையே? கல்லுல சாருக்க பேருல்லா இருக்கு."

பிரச்சினையா, எனக்கா என்று நாகேஸ்வரன் சிரித்தார். நல்ல பெரிய சிரிப்பு. அப்போது செலவில்லாமல் வந்தது. பிறகு அதற்கு வட்டி ஏறியது.

ஏனென்றால், சுவரின் இரண்டாம் கட்டம் வரவிருந்தது. கோயில் படித்துறையைத் தாண்டி, பாலம் வரைக்கும் நீட்டுவதாகத் திட்டம். அதுவும் கட்டியாகிவிட்டால் அக்கரையில் முழங்கால் அளவு ஏறுகிற தண்ணீர் இடுப்பளவு ஏறும் என்று கணக்குப் போட எஞ்சினீயர் தேவையில்லை. அவையின் விதிகளில் ஒன்றை ஸ்மிதா மூன்று தடவை சொல்லியிருந்தாள். அங்கத்தினர் முன்வைக்கும் ஒவ்வொரு தீர்மானமும் அவரவர் ஊர் நிர்வாகத்துக்கும் போகும், நிர்வாகம் ஜனங்களைக் கூட்டி வைத்துப் பதில் சொல்ல வேண்டும், கார்ப்பரேஷனும் இதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறது. அதாவது ராகேலின் சுவர் உலகத் தீர்மானத்தில் ஏறினால், இரண்டு கரையையும் உட்கார வைத்துப் பேசாமல் இங்கே ஒரு செங்கல் வைக்க முடியாது. ஏறாவிட்டால், நாகேஸ்வரனின் சுவர் பாலம் வரை போகும், பேக்கரி ஆற்றோடு போகும்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் பேக்கரியின் பின்னறையில் கூட்டம். மாவு மூட்டைகளுக்கு நடுவே லேப்டாப். திரையில் நான்கைந்து கட்டங்கள். பெருவிலிருந்து ஒரு வயதான மீனவர், செனகலிலிருந்து ஒரு டீச்சர், வேறு சிலர். ஒவ்வொருவர் தோளருகிலும் ஒரு மொழிபெயர்ப்பாளர், கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. நடத்துபவள் லிஸ்பனில் இருந்த ஒரு பெண். இந்த மொத்த வலையிலும் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருத்தி பேசுபவள், இன்னொருவர் நாகேஸ்வரன்.

முதல் இரண்டு வாரம் சின்னச் சின்ன அலங்காரத்தோடு போயிற்று. ராகேல், கரண்டு போனால் கேக் உப்பாது என்றால், எரிசக்தியின் நிச்சயமின்மை சிறுதொழிலின் முதுகெலும்பை முறிக்கிறது என்பார் நாகேஸ்வரன். லிஸ்பன்காரி தலையாட்டுவாள். அதில் பாவமில்லை என்று அவர் நினைத்தார். மாவைச் சலிப்பதுபோலத்தானே.

மூன்றாவது வாரம் ராகேல் சுவருக்கு வந்தாள்.

"எங்க ஆத்துக்கு ரெண்டு கரை உண்டு. ஒரு கரைக்காரங்க சங்கம் வச்சு, நடையா நடந்து சைடு வால் கெட்டுனாங்க. தப்புண்ணு சொல்லல. ஆனா எங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கல. இப்ப அங்க போகாத வெள்ளம் இங்க கேறுது. ஒரு கரையில கெட்டணும்னா மறு கரையில கேக்கணும். எல்லா ஊருலயும் அப்பிடி ஒரு சட்டம் வேணும்."

சொல்லிவிட்டு, இனி உங்கள் பொறுப்பு என்பதுபோல் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் எல்லோரும் நாகேஸ்வரனைப் பார்த்தார்கள்.

அவர் வாயைத் திறந்தார். சுவர் என்ற சொல் தொண்டை வரை வந்தது. கல்லில் செதுக்கிய பெயரும் கூடவே வந்து வழியை அடைத்துக்கொண்டது. அந்த நேரத்தில் கஞ்சி போட்ட இங்கிலீஷ் தானாக எழுந்து நின்றது. எங்கள் ஆறு எனக்குத் தாய் என்று ஆரம்பித்தார். இரு கரைகளும் அவளுடைய இரண்டு தோள்கள். ஒரு தோளில் தூங்கும் குழந்தை, மறு தோளில் அழும் குழந்தையை மறக்கலாகாது. வெள்ளம் என்பது அந்தத் தாயின் கண்ணீர். இப்படியே போயிற்று. முடித்த பிறகு மனசுக்குள் ஒரு கணக்கெடுத்தார். இரண்டு கரையும் வந்துவிட்டன. வெள்ளம் வந்துவிட்டது. சுவர் மட்டும் வரவில்லை. இதைப் பொய் என்று யாரால் சொல்ல முடியும்?

பெருவின் மீனவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செனகல் டீச்சர் நெஞ்சில் கை வைத்தாள். லிஸ்பன்காரி வேகமாக டைப் அடித்தாள்.

ராகேல் அசந்துபோனாள். "பாத்தீங்களா சாரே, அந்த ஆளு கரையுதாரு. அவருக்க ஊருலயும் சைடு வால் இருக்குமாருக்கும்."

இருக்கும் என்றார் நாகேஸ்வரன்.

"இடையில மதர் மதர்னு ஒண்ணு கேட்டுதே?"

"ஆறு அம்மா மாதிரின்னு, ஒரு மரியாதைக்கு."

"எக்க அம்மை பாறசாலையில இருக்கா. அவ கேட்டா சண்டைக்கு வருவா." ராகேல் சிரித்தாள். நாகேஸ்வரனும் சேர்ந்து சிரித்தார். இந்தத் தடவை சிரிப்பு சின்னது, அதற்கும் செலவானது.

வீட்டில் விஜயலக்ஷ்மி சாதம் போட்டுக்கொண்டே விசாரித்தாள். முப்பத்தைந்து வருஷமாக அவரோடு குடித்தனம் நடத்துகிறவள். எந்தக் கேள்வியை எப்போது கேட்டால் அவருக்குப் புரையேறும் என்று தெரியும்.

"ஏன்னா, அந்தச் சுவரைப் பத்தி அவ சொன்னாளா?"

"சொன்னா."

"நீங்க சொன்னேளா?"

நாகேஸ்வரன் மோர் கேட்டார். ரசமே இன்னும் ஊற்றவில்லை என்றாள் அவள். ஊற்றினாள். பிறகு பாத்திரத்தை வைத்துவிட்டு, "வாயை வாடகைக்கு விட்டுட்டு அதுல நாமளே குடியிருக்கப்படாது, கேட்டேளா," என்றாள். அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை ராகேல் ஒரு பன் கொண்டுவந்து வைத்தாள். முட்டை சேர்க்கவில்லை, சுட்ட தட்டும் தனி, தைரியமாகச் சாப்பிடலாம் என்று சொன்னாள். உலகத்துக்கு முன்னால் தனக்காகப் பேசுகிறவர் பசியோடு உட்காரக் கூடாதாம். நாகேஸ்வரன் பிட்டு வாயில் போட்டார். பன் மெத்தென்று இருந்தது. தண்ணீர் குடித்து இறக்கினார். இன்னொன்று வைத்தாள். அதையும் தின்றார். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்குமே.

அன்றே திருத்தியிருக்கலாம். அடுத்த வாரமும் திருத்தியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் அவர் சொல்லத்தான் நினைத்தார். ஆனால் அதற்குள் ஸ்மிதா போன் செய்து, ராகேல் சேச்சியின் வாசகத்தை லிஸ்பனில் போஸ்டராகவே அடித்துவிட்டார்கள், பதினோரு மொழியில், சாருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் என்று மலையாளத்தில் பூரித்தாள். நாகேஸ்வரன் தன் அடக்கத்தைத் தெரிவித்துக்கொண்டார். உலகத்து ஜனங்களையெல்லாம் கோத்து என்ன வலை பின்னினாலும், ஏதாவது ஓர் இடத்தில் அது ஒரு நாகேஸ்வரனின் தொண்டைக்குழி வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கே அடைப்பு என்றால் லிஸ்பனில் யாருக்குத் தெரியும்?

பிறகு இடவப்பாதி வந்தது, ஜூன் மாதப் பருவமழை. காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு நாகேஸ்வரன் சுவரருகில் போய் நின்றார். ஆறு கலங்கி, பழுப்பாக, சுவரை உரசிக்கொண்டு போயிற்று. அவர் செருப்பு நனையவில்லை. எதிரில் பேக்கரியின் பின்வாசலில் தண்ணீர் ஏறியிருந்தது. ராகேல் நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாவு மூட்டைகளை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். கூட ஒருவரும் இல்லை. நிமிர்ந்தபோது அவரைப் பார்த்துவிட்டாள்.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால் உபகாரமாக இருந்திருக்கும். அவளோ கையை உயர்த்தி ஆட்டினாள். தண்ணீர் எதுவரை என்று முழங்காலில் கைவைத்துக் காட்டினாள். மழைச் சத்தத்துக்கு மேல் கூவினாள்.

"சாரே, இதையும் சேத்துச் சொல்லணும்."

நாகேஸ்வரன் குடைக்குள்ளிருந்து கையை ஆட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே நின்றார். 

கடைசிக் கூட்டத்தன்று மழை விட்டிருந்தது. பின்னறைச் சுவரில் தண்ணீர் ஏறிய கோடு இன்னும் ஈரமாக இருந்தது. தீர்மானத்தின் முடிவான வடிவத்தை லிஸ்பன்காரி பத்தி பத்தியாக வாசிப்பாள். அவரவர் மொழிபெயர்ப்பாளர் காதில் சொல்ல வேண்டும். ராகேல் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு அவர் பக்கம் காதைச் சாய்த்திருந்தாள். அவளுடைய பத்தி வந்தது. இந்தியாவின் ராகேல் முன்வைத்தபடி, ஆறுகளைத் தாயாகப் போற்றும் மனப்பான்மையை எல்லா நாடுகளும் வளர்க்க வேண்டும்.

நாகேஸ்வரன் அதைச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார்.

ராகேல் காத்திருந்தாள். இன்னும் இருக்கிறது என்று நினைத்தாள். லிஸ்பன்காரி அடுத்த பத்திக்குப் போய்விட்டாள்.

"சைடு வால் எங்க சாரே?"

ஒரு வாய் வார்த்தை போதும். அடுத்த பத்தியில் இருக்கிறது என்றால் நம்புவாள். இன்னொரு பொய், இந்தப் பக்கமாக, அவ்வளவுதான். அவள் சந்தோஷமாக அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அவர் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போய்விடலாம்.

"அதுல இல்லை," என்றார் நாகேஸ்வரன்.

"வெட்டிட்டாங்களா?"

இதோ இன்னொரு வாசல். ஆமாம், வெட்டிவிட்டார்கள், வெள்ளைக்காரர்கள் அப்படித்தான். அவளே திறந்து வைத்திருக்கிறாள். நாகேஸ்வரன் அந்த வாசலைப் பார்த்தார். பன்னின் ருசி எங்கிருந்தோ நாக்கில் ஏறி வந்தது.

"அவா வெட்டலை. நான் சொல்லவே இல்லை."

ராகேல் திரையில் அந்த மீனவரைப் பார்த்தாள். "அண்ணைக்கு அந்த ஆளு கரஞ்சாரே."

"அது நான் சொன்ன வேற ஒண்ணுக்கு." ஆறு, தாய், இரண்டு தோள், கண்ணீர் எல்லாவற்றையும் தமிழில் அவளிடம் சொன்னார். இங்கிலீஷில் நிமிர்ந்து நின்றதெல்லாம் தமிழில் சொல்லும்போது துவண்டு விழுந்தது. சொல்லச் சொல்ல அவருக்கே கூசியது.

 அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "அப்ப இத்தனை நாளும் நான் இங்க பொம்ம மாதிரி இருந்திருக்கேன், அல்லே சாரே," என்றாள். "நான் வாயசைக்க, நீங்க பேச."

 மன்னிப்பு என்ற சொல்லை அவருக்கு இத்தனை வருஷம் கடிதத்தின் கடைசி வரியில்தான் போட்டுப் பழக்கம்.

"கைய தூக்கணும்னா எங்க அமுக்கணும்?" என்று ராகேல் கேட்டாள். அவர் காட்டினார். அவளே அமுக்கினாள்.

லிஸ்பன்காரி நின்று, என்ன விஷயம் என்றாள். நாகேஸ்வரன் தன் சொந்தக் குரலில், மொழிபெயர்ப்பில் ஒரு பிழை நேர்ந்துவிட்டதாகத் தெரிவித்தார். இன்ஷூரன்ஸ் இங்கிலீஷில் பிழை தானாக நேரும், மழை மாதிரி. யாரும் செய்வதில்லை. லிஸ்பன்காரி வருந்தினாள். தீர்மானத்தை இனித் திருத்த முடியாது, அதற்கான கெடு முடிந்துவிட்டது. ஆனால் அங்கத்தினர் தன் தனிக் கூற்றை இப்போது சொன்னால் பின்னிணைப்பாகச் சேர்த்துவிடலாம், அதுவும் அவர் ஊர் நிர்வாகத்துக்குப் போகும், அதற்கும் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும், இரண்டு நிமிஷம்.

நாகேஸ்வரன் அதை ஒன்றுவிடாமல் ராகேலிடம் சொன்னார். பின்னிணைப்பு என்றால் என்ன என்று அவள் கேட்டாள். வால் மாதிரி என்றார். வாலாவது கிடைத்ததே என்றாள்.

"ஒவ்வொண்ணா சொல்லுதேன். அத நீங்க அப்பிடியே சொன்ன பிறகுதான் அடுத்தது. ஒண்ணும் சேக்கண்டாம். ஒண்ணும் எடுக்கண்டாம்."

மொழிபெயர்ப்பாளர், பேசுபவரின் குரலாகவே பேச வேண்டும், அவள் சொன்னாள் என்று சொல்லக் கூடாது, நான் என்றே சொல்ல வேண்டும் என்பது அவையின் விதி. முதல் நாள் பயிற்சியில் அதை மற்றவர்களுக்கு விளக்கிச் சொன்னவரே அவர்தான்.

எங்கள் ஆற்றுக்கு இரண்டு கரை உண்டு என்றாள் ராகேல். எங்கள் ஆற்றுக்கு இரண்டு கரை உண்டு என்றார் அவர். எதிர்க்கரையில் சுவர் கட்டினார்கள், என்னைக் கேட்கவில்லை. அதையும் சொன்னார். இனி ஒரு கரையில் கட்டுவதானால் மறு கரையைக் கேட்க வேண்டும். சொன்னார். அந்தச் சுவரைக் கட்டியவர்களில் முக்கியமானவர் நாகேஸ்வரன் சார், இதோ எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் ஒருமுறை இருமினார். பிறகு திரையைப் பார்த்து, அந்தச் சுவரைக் கட்டியவர்களில் முக்கியமானவர் நாகேஸ்வரன், இதோ எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று இங்கிலீஷில் சொன்னார். பெருவின் மீனவர் சாய்ந்து, நாகேஸ்வரனுக்குப் பக்கத்தில் யார் என்று தேடினார்.

மூன்றாவது வாரமும் நான் இதைத்தான் சொன்னேன், அதை மறைத்தவரும் நாகேஸ்வரன் சார்தான் என்றாள் ராகேல்.

மூன்றாவது வாரமும் நான் இதைத்தான் சொன்னேன் என்றார் அவர்.  அதை மறைத்தவரும் அவர்தான் என்றும் சொன்னார்.

லிஸ்பன்காரி நன்றி சொல்ல ஆரம்பித்தாள். ராகேல் மாவு படிந்த கையைத் திரைக்கு முன்னால் நீட்டித் தடுத்தாள்.

"சாருக்க பேர நான் ரெண்டு தடவ சொன்னேன். இங்கிலீஷ்ல எனக்குத் தெரியுத ஒரே வார்த்த அதுதான் சாரே. ஒரு தடவதான் கேட்டுது."

அவர் என்று சொன்னாலும் அர்த்தம் அதேதான், இங்கிலீஷில் அப்படிச் சொல்வதுதான் வழக்கம் என்று விளக்கியிருக்கலாம். முழுக்க நியாயமான விளக்கம். நாகேஸ்வரன் அதை விழுங்கினார். மைக்கருகே குனிந்து, மறைத்தவர் நாகேஸ்வரன் என்று எழுத்து எழுத்தாக, நிறுத்திச் சொன்னார். திரையில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒரு காதின் பக்கம் சாய்ந்தார். ஸ்பானிஷில், பிரெஞ்சில், பெயர் தெரியாத ஏதேதோ பாஷைகளில் தன் பெயர் காது காதாகப் போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.